கூரைக் கடனும் கசப்புத் தேநீரும்

விலிகேசா நெமானிக்குத் தர வேண்டியது அறுநூற்று முப்பது டாலர். புயலில் கூரை பறந்த வருஷம் தகரம் வாங்கக் கைமாற்றாகப் பெற்றது எழுநூறு. எழுபதைத் திருப்பிக் கொடுத்ததோடு அவனுக்கு மறதி வந்துவிட்டது. அதன்பிறகு லம்பாசா சந்தையில் நெமானியின் தலை தெரிந்தால் விலிகேசா மரவள்ளிக் குவியலுக்குப் பின்னால் குனிந்துகொள்வான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்பே அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருக்கும்.

அத்தை மகன் என்பதால் நெமானியும் அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை. மச்சான் முறைக்காரன் வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம், தோட்டத்து வாழைத்தாரைக் கேட்காமல் வெட்டிக்கொண்டு போகலாம், யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். கடனுக்கும் அந்தச் சலுகை உண்டா என்பது மட்டும் அந்த ஊரில் தீராத வழக்கு.

அப்படி ஒளிந்து திரிந்தவன் ஒரு நாள் காலையில் தானாகவே வந்து நெமானியின் வாசலில் நின்றான். கையில் ஒரு ஃபிளாஸ்க். படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த நெமானிக்கு முதலில் வந்தது கோபமில்லை, பயம். கடன்காரன் தேடி வருகிறான் என்றால் அடுத்த கடனுக்கு வருகிறான் என்று அர்த்தம்.

"எந்திரிக்காத மச்சான். நீ எந்திரிச்சு முடிக்க மத்தியானம் ஆயிரும்."

"காசு கொண்டாந்தியா?"

"அதவிட நல்லது கொண்டாந்திருக்கேன்."

"அதவிட நல்லது ஒண்ணுதான் இருக்கு. வட்டியோட காசு."

விலிகேசா சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினான். பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு தண்ணீர். மழை விட்ட வேலிக்குள் தலையை நுழைத்தது போல ஒரு வாடை.

"அக்கா குடுத்துவிட்டா. முட்டிக்கு. ஆலயத்துப் படியில நீ நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்குனத பாத்தாளாம். அவளுக்கு மனசு தாங்கல. எனக்குச் சிரிப்புத் தாங்கல."

அவன் அக்கா தோரிகா புருஷனை இழந்தவள்; தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுப் பெண்களுக்கு வழிவழியாக வந்தது இந்த மருந்துத் தேநீர். நுணா இலை போடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இஞ்சியும் மஞ்சளும் வாடையிலேயே தெரியும். மிச்சம் என்னவென்று அவர்கள் சொல்லமாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் மருந்துக்கு ஆகாது.

நெமானி மூடியை வாங்கவில்லை. "நீ முதல்ல குடி."

"எனக்கு முட்டி நல்லாத்தான இருக்கு."

"அதான். நல்லா இருக்கிற முட்டிக்கு என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"நான் செத்தா என் பன்னிய நீ எடுத்துக்க," என்று சொல்லிவிட்டு விலிகேசா குடித்தான். முகம் கோணிப்போனது. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவனுக்குப் பேச்சு நின்று நெமானி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பன்னி ஏற்கெனவே எனக்குச் சேர வேண்டியதுதான்," என்றான் நெமானி. "சீனி போடலியா?"

"சீனி கூடாதாம். சுத்து முடியிற வரைக்கும் எதுலயும் சீனி கூடாதாம்."

வாழ்நாள் முழுக்கக் கரும்பு வெட்டியவனிடம் வந்து சீனி கூடாது என்கிறான். நாலு கரண்டி போடாமல் நெமானி தேநீர் குடித்ததே இல்லை. சீனி கூடாது, என்ன போட்டிருக்கிறது என்று கேட்கக் கூடாது, கொண்டுவருபவன் கடன்காரன். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தண்ணீரை வாழை மூட்டில்தான் ஊற்ற வேண்டும்.

ஆனாலும் குடித்தான். அதற்குக் காரணம் சர்தார்.

கரும்பு வெட்டும் கேங்குக்குத் தலைவர் தரம் லிங்கம். சர்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். போன வாரம் அவர் நெமானியைக் கூப்பிட்டு, தரையில் கிடந்த கத்தியை எடுக்கச் சொன்னார். நெமானி குனிந்தான். எடுத்தான். ஆனால் நிமிர்வதற்குள் சர்தார் ஒரு பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார்.

"ஆலைச் சங்கு ஊதி வெட்டு தொடங்குறதுக்குள்ள இந்தக் காலு சரியாவணும் நெமானி. இல்லன்னா உன் இடத்துல வேற ஆள் நிக்கும். நான் கெட்டவன் இல்ல. ஆனா நீ ஒருத்தன் நின்னா பின்னால வர்ற லாரி நிக்கும்."

அதில் தப்பு ஒன்றுமில்லை. கரும்பை மண்ணை ஒட்டித் தாழ வெட்ட வேண்டும். சீனி அடியில்தான் இருக்கிறது. நாள் முழுக்க முட்டியை மடக்கியும் விரித்தும், வெட்டுமுன் தீ வைத்த தோகையின் கரியைத் தின்றுகொண்டு வெட்ட வேண்டும். நெமானிக்கு இரண்டு முட்டியும் வீங்கிக் கிடந்தன. கத்தி வீசும் பக்கத்துத் தோள் தலைக்கு மேலே போகாது. காலையில் விரல்கள் கத்திப் பிடியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருக்கும். மனைவி உனைசி ஒவ்வொன்றாக நீவி விரிப்பாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வயிற்றை எரித்தது. கரும்பு வெட்டுவதை விட்டுவிடு என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்வதற்கு அவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை. கேங்கில் இடம் போனால் அப்புறம் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பதை அவர் சொல்லவில்லை.

ஒரு சுற்று என்பது நாலு காலை. விடியும் முன்பே விலிகேசா ஃபிளாஸ்க்கோடு வந்துவிடுவான். நெமானி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். மூன்றாம் காலையில் விரல்கள் தாமாக விரிந்தன. சுற்று முடிந்த அன்று அவன் ஆற்றங்கரையில் குந்தி உட்கார்ந்து முகம் கழுவினான். குந்தி உட்கார்ந்ததை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தான்.

வீட்டுக்கு வந்து, "இதுல என்னவோ இருக்கு," என்றான்.

"வலி போயிருச்சா?" என்றாள் உனைசி.

"அதான் சொல்றேன். எப்படிப் போகும்? ஆஸ்பத்திரி மாத்திரைய அரச்சு உள்ள போடுறாங்களோ என்னவோ."

"வலிச்சாலும் திட்டுறீங்க. வலி போனாலும் திட்டுறீங்க. அந்த முட்டி உங்களோட குடித்தனம் பண்றது பெரிய காரியம்."

வலி ரொம்ப நாள் விலகியிருக்கவில்லை. மழையில் ஈரக் கொல்லையில் களை வெட்டப் போனான். வாரக் கடைசியில் முட்டி பழையபடி பலாக்காய் ஆனது. இந்த முறை விலிகேசா வரவில்லை. நெமானி பார்த்துப் பார்த்து, கடைசியில் தானே தோரிகாவின் வீட்டுக்கு நடந்தான்.

அவள் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அவனால் சம்மணம் போட முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காலை நீட்டினான். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டுவது வெட்கக்கேடுதான். அந்த வெட்கத்துக்காகவே அவன் யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தான்.

"இன்னொரு சுத்துக் குடுங்க மதினி."

தோரிகா அவன் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே மழை பிடித்தது. தகரக் கூரை மேல் அது விழுந்த சத்தத்தில் எந்தப் பேச்சும் கேட்கவில்லை. ஓய்ந்ததும் அவள் மேலே பார்த்தாள்.

"முதல் சுத்துக் குடுத்தப்பவே எனக்கு மனசு ஒப்பல. ஆனா உன் நடையப் பாத்துட்டு இருக்கவும் முடியல. இந்த மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது, தெரியுமில்ல?"

"நான் எங்க காசு குடுத்தேன்?"

"குடுத்திருக்கியே. என் தலைக்கு மேல கிடக்குதே, அது யார் காசு? உன் காசு எங்க வீட்டுல கிடக்கிற வரைக்கும் இந்தத் தண்ணி கூலிக்குக் குடுத்த மாதிரிதான். அது குறுக்க நிக்குது. அதனாலதான் உனக்கு வலி திரும்பி வந்திருக்கு. அது தீரட்டும், தர்றேன்."

நெமானிக்குத் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஓகோ, இதற்குத்தானா ஃபிளாஸ்க்கும் விடியற்காலை நடையும். முதல் சுற்றைச் சும்மா கொடுத்து ருசி காட்ட வேண்டும், அது கசப்பாக இருந்தாலும். முட்டி மடங்கியதும் நிறுத்த வேண்டும். அப்புறம், கடனை விடு, மருந்தை எடு.

"அது தீரணும்னா உங்க தம்பிகிட்டச் சொல்லுங்க," என்றான்.

"சொல்லாத நாள் இல்ல," என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மருந்து கொடுக்கிறவர்கள் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அதை சர்தாரிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நெமானி, அது வைத்தியச்சி மருந்தில்லடா. வக்கீல் மருந்து. நானும் உன் மச்சானுக்கு நாப்பது டாலர் குடுத்து வச்சிருக்கேன். எனக்கு முட்டி நல்லா இருக்கிறதால அவன் இந்தப் பக்கமே வரல."

"நானே போட்டுப் பாக்குறேன் சர்தார். இலைதான."

போட்டுப் பார்த்தான். தன் வேலியிலிருந்த நுணாவைப் பறித்து, இஞ்சியை நசுக்கிப் போட்டு, உனைசியின் பெரிய சட்டியில் கொதிக்க வைத்தான். வாடை அதேதான். கசப்பு அதற்கு மேல். அளவு மட்டும் தெரியாது. அன்று பகல் முழுக்க அவன் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தான். நொண்டி முட்டியோடு அத்தனை வேகமாக அவன் நடந்து உனைசி பார்த்ததில்லை. "மருந்து வேலை செய்யுது," என்றாள் அவள்.

ஆலையில் சங்கு ஊத நாள் நெருங்கியது. அப்போதுதான் நெமானிக்கு அந்த யோசனை வந்தது. எளிமையான யோசனை. காசு கூரையில்தான் கிடக்கிறது. கடன் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி ஒரு சுற்றுக் குடிப்போம். காசு குறுக்கே நிற்பது நிஜமானால் வலி போகாது. போனால், அந்தப் பேச்சே அக்காவும் தம்பியும் சேர்ந்து கட்டிய கதை. கதை என்று தெரிந்த அன்றே நாலு பேர் நடுவில் விலிகேசாவின் சட்டையைப் பிடிக்கலாம்.

மறுநாள் தோரிகாவின் அடுப்படியில் போய் நின்றான்.

"தீந்துச்சு மதினி. உங்க தம்பி குடுத்துட்டான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"சனிக்கிழம. சந்தையில வச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய்யை முகத்தில் படிக்கிறாளோ என்று நெமானி அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டான். பிறகு அவள் திரும்பிக்கொண்டு இடுப்பில் சுற்றியிருந்த துணியின் முனையால் கண்ணைத் துடைத்தாள். அதை அவன் எதிர்பார்க்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இலை பறிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்று பாதிரியார் சொன்னதும் தோரிகா எழுந்தாள். அதுவரை அவள் அங்கே எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"என் தம்பி விலிகேசா நெமானிக்குத் தர வேண்டியதத் தந்து முடிச்சிட்டான். புயல் அடிச்சதுலேர்ந்து நான் இந்த ஆலயத்துக்குத் தலை குனிஞ்சுதான் வந்தேன். இன்னிக்கு நிமிந்து வந்திருக்கேன். கர்த்தருக்கு நன்றி."

எல்லோரும் ஆமென் என்றார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் விலிகேசாவின் முதுகில் தட்டினார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் நழுவுவதற்காகப் பாதி எழுந்திருந்த விலிகேசா, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றான். நெமானி தன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

வெளியே ஈரப்பலா மரத்தடியில் விலிகேசா அவனைப் பிடித்தான். இத்தனை நாளில் முதல் தடவையாகத் துரத்திப் பிடித்தது கடன் வாங்கியவன்.

"மச்சான், நான் எப்பக் குடுத்தேன்?"

"சனிக்கிழம."

"சனிக்கிழம நான் கடலுக்குப் போயிருந்தேன்டா."

"அப்ப வெள்ளிக்கிழம."

விலிகேசா சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு என்ன வேணும்? நேராச் சொல்லு. ஆத்தோரத்து நிலமா? அது எனக்கு மட்டும் சொந்தமில்ல. என் மகளக் கேக்கப் போறியா? உன் பையன் சோறு சட்டியோட திங்கிறவன், குடுக்கமாட்டேன்."

"ஒண்ணும் வேணாம்."

"சும்மா யாராச்சும் அறுநூத்தி முப்பத விடுவானா? நீ விடுவியா? போன வருஷம் நான் உன் தோட்டத்துல ஒரு பப்பாளி பறிச்சதுக்கு ரெண்டு மாசம் என்னோட பேசல."

"அது நல்ல பப்பாளி."

விலிகேசா போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் நெமானியைக் கண்டு ஒளியவில்லை, பின்னாலேயே வந்தான். ஒரு நாள் மீன் கொண்டுவந்து வைத்தான். ஒரு நாள் களை பிடுங்கினான். பிடுங்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான்.

சுற்று முடிந்தது. முட்டி வற்றியது. தோள் மேலே போனது. நெமானி கொல்லையில் கத்தியை எடுத்து ஒரு புல்லைத் தாழ வெட்டிப் பார்த்தான். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தான்.

ஆக, கதைதான். பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படத்தான் அவன் நினைத்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை. மருந்து வேலை செய்ததற்குக் காரணம் காசு குறுக்கே நிற்காததுதான் என்றால்? காசு இப்போது எங்கே இருக்கிறது? ஆலயம் நிறைந்த கூட்டத்தில் தீர்ந்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டது. தீர்ந்தது என்று முதலில் சொன்னவன் அவன்தான். அவன் சொன்ன பொய்யே போய்க் காசைக் கூரையிலிருந்து இறக்கியிருந்தால், மருந்து சரி, தோரிகா சரி, முட்டாள் அவன் ஒருவன்தான். இதை எப்படிச் சோதிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு சோதனையே இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"போய் உண்மையச் சொல்லிருங்க," என்றாள் உனைசி.

"சொன்னா?"

"காசு வரும்."

"தண்ணி வராது."

வெட்டுத் தொடங்குவதற்கு முந்தின மாலை, கேங் முழுவதும் தோரிகாவின் வீட்டில் கூடியது. ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டில் யங்கோனா குடித்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார்கள்; இந்த வருஷம் அந்த வீட்டு முறை. விலிகேசா பெரிய மரக் கிண்ணத்தில் வேர்ப்பொடியைப் பிசைந்து கரைத்தான். நெமானி உள்ளே வந்து, எல்லோரும் பார்க்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

சர்தார் அவன் முட்டியையே பார்த்தார். "இன்னிக்கு மடங்குது. நடு வெட்டுல, ஆகஸ்டுல மடங்குமா?"

"மதினி தேத்தண்ணி இருக்கு சர்தார்."

"அது கிடைக்கிற வரைக்கும் உன் இடம் உனக்கு. கிடைக்கலன்னா வந்து சொல்லிரு. மறைக்காத."

"கிடைக்கும்," என்றாள் தோரிகா, கதவோரத்திலிருந்து. "வெட்டு முடியிற வரைக்கும் மாசம் ஒரு சுத்துத் தர்றேன்."

சிரட்டை சுற்றி வந்தது. விலிகேசா வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தான், கேலி பேசவில்லை. மூன்றாம் சுற்றில் நெமானிக்கு நீட்ட வேண்டிய சிரட்டையை அவன் நீட்டாமல் கீழே வைத்தான்.

"அக்கா, என்னால முடியல. நான் அந்தக் காச குடுக்கல."

வழக்கப்படி ஒவ்வொரு சிரட்டைக்கும் கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"எல்லாரும் முதுகுல தட்டுறாங்க. மீன்காரன் கடனுக்கு வலை தர்றேங்கிறான். எனக்குத் தூக்கம் வரல. இவன் என்னத்துக்கோ அடி போடுறான். எழுபதுக்கு மேல நான் ஒத்தைக் காசு குடுக்கல."

தோரிகா தம்பியைப் பார்க்கவில்லை. நெமானியைத்தான் பார்த்தாள். "நெமானி. இவன் என்ன சொல்றான்?"

இந்தத் தருணத்துக்குத்தான் அவன் காத்திருந்தான். கடன்காரன் தன் வாயால் ஒத்துக்கொண்டாயிற்று. சர்தார் சாட்சி, கேங் சாட்சி. ஆமாம் குடுக்கலை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே பன்றியைப் பிடித்து வரலாம். ஆனால் மருந்திடமே பொய் சொல்லிக் குடித்தவனுக்கு அவள் மறுபடி ஒரு இலை பறிக்கமாட்டாள். ஆகஸ்டு மாதக் கரும்பும், பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருக்கும் சர்தாரும் நெமானியின் கண் முன்னால் வந்து போனார்கள்.

"குடுத்தான் மதினி," என்றான். "கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்தான். மீனாக் குடுத்தான், களை பிடுங்கிக் குடுத்தான். இவனுக்கு என்னைக்குக் கணக்கு வந்திருக்கு?"

"மச்சான், நான்..."

"வாய மூடுடா. தீந்துச்சுன்னு கடன் குடுத்தவன் நானே சொல்றேன். ஊத்து."

சர்தாருக்குப் புரை ஏறியது. "வாங்கினவன் இல்லங்கிறான், குடுத்தவன் தீந்துச்சுங்கிறான். அப்படியே என் நாப்பதையும் கொஞ்சம் விசாரிங்கப்பா." கூட்டம் சிரித்தது.

தோரிகா முன்னால் வந்து உட்கார்ந்தாள். "இத்தன பேர் கேட்டாச்சு. இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுலயும் கிடையாது, உன் வீட்டுலயும் கிடையாது." உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். அப்படித் தட்டி முடித்த பேச்சைப் பிறகு யாரும் எடுப்பதில்லை.

விலிகேசா சிரட்டையை நீட்டினான். வாங்கும்போது நெமானிக்கு ஒன்று உறைத்தது. ஆலயத்தில் எழுந்து நின்று தம்பிக்காக நன்றி சொன்னவள், அந்தத் தம்பி இப்போது கொடுக்கவில்லை என்றதும் ஒரு வார்த்தை திட்டியிருக்க வேண்டாமா? அவள் முகம் மாறக்கூட இல்லையே. சனிக்கிழமை தம்பி கடலில் இருந்தது, ஒரே வீட்டில் இருக்கும் அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் அன்று கண்ணைத் துடைத்தாளா, ஆலயத்தில் எழுந்தாளா?

நிமிர்ந்து பார்த்தான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள். சட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

போய்க் கேட்கலாம். கேட்டால் அவளும் திருப்பி ஒன்று கேட்பாள். நெமானி சிரட்டையை ஒரே மூச்சில் குடித்துக் கீழே வைத்தான். மடக்கிய காலை மாற்றி மடக்கிக்கொண்டு, போன காசைப் போனதாகவே விட்டான்.